ஏழாம் எண் மாவு

ஏழாம் எண் பையின் முடிச்சை வாரன் அவிழ்த்தான். ஞாயிற்றுக்கிழமை, ஆய்வுக்கூடத்தில் ஈ காக்கை இல்லை. பையிலிருந்த கொண்டைக்கடலை மாவை டப்பாவில் கொட்டி இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினான். வீட்டிலிருந்து கொண்டுவந்த மாவைப் பையில் நிரப்பி, பழையபடியே முடிச்சுப் போட்டான்.

அவன் திருடன் இல்லை. துவூம்பா நகரத்திலிருக்கும் அந்தத் தானிய ஆய்வுக்கூடத்துக்கே தலைவன். திருடியைப் பிடிக்கத்தான் இந்தப் பொறி.

சந்தேகம் நரெல் மேல். பதினெட்டு வருடமாக அங்கே, மாவிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் குரோமட்டோகிராஃப் இயந்திரத்தை ஓட்டுகிறவள். பயறுகளில் ஃபைட்டிக் அமிலம் என்று ஒன்று உண்டு. சாப்பாட்டிலிருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் ஒட்டவிடாது. அதை அளந்து சொல்வதுதான் அவள் வேலை; குறைவாக இருந்தால் விதைக்கு நல்ல விலை.

டாரல் என்ற விதைக்காரர் சோதனைக்குக் கொடுத்த ஏழாம் எண் கடலையில் அந்த அமிலம் வழக்கத்தில் பாதிகூட இல்லை என்று மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டாள். மூன்றாவது முறைக்கு மறுநாள், டாரல் ஒரு பெட்டி மாம்பழத்தோடு வந்து இறங்கினார். அதில் நான்கு பழம் வாரன் வயிற்றுக்குள்தான் போயிற்று. ஆனால் சந்தேகம் வந்த மனுஷனுக்கு அதெல்லாம் எங்கே நினைவிருக்கும்?

செவ்வாய்க்கிழமை காலை நரெல் அறிக்கையைக் கொண்டுவந்து வைத்தாள். வாரன் பாதாமைக் கொறித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி லோர்னா ராத்திரியெல்லாம் ஊறவைத்து, மறுபடி காயவைத்துக் கொடுத்தனுப்பும் பாதாம். இவ்வளவு பாடுபட்டும் அது பாதாமாகத்தான் இருந்தது.

அவன் முதல் பக்கத்தைப் பார்த்தான். ஏழாம் எண்: குறைவு.

"மாட்டிக்கிட்ட நரெல்."

"என்ன மாட்டிக்கிட்டேன்?"

"அந்தப் பையில இருந்தது ஏழாம் எண்ணே இல்ல. ஞாயித்துக்கிழமை நான் மாத்தி வெச்ச சாதாரணக் கடலை மாவு. அமிலம் எக்கச்சக்கமா காட்டியிருக்கணும். நீ மெஷின் பக்கமே போகாம, பழைய கணக்கை அப்படியே எழுதிட்ட."

நரெல் முகம் சிவந்துவிட்டது. "ஓஹோ, பையை மாத்தினது நீதானா? நான் நேத்துலேருந்து டாரலைச் சந்தேகப்பட்டுக்கிட்டிருக்கேன்!"

"கதையை மாத்தாத. எத்தனை பெட்டி மாம்பழத்துக்குப் பேசிக்கிட்டீங்க?"

"வாய அடக்கிப் பேசு வாரன். ரெண்டாம் பக்கத்தைத் திருப்பினியா இல்லையா?"

அவன் திருப்பவில்லை. இப்போது திருப்பினான். இயந்திரம் வரைந்த கோட்டில் ஒரு சின்ன மலை. அதற்கு முன்னால் வரிசையாக நாலைந்து குட்டிக் குன்றுகள். அவற்றைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'இது ஏழாம் எண் அல்ல. பை மாறியிருக்கிறது' என்று எழுதியிருந்தாள்.

"மலைதான் அந்த அமிலம். அது உடைஞ்சு குறைஞ்சா குன்று வரும். ஏழாம் எண்ணுல ஒரு தடவைகூடக் குன்று வந்ததில்ல. ஈரம் பட்ட விதையிலதான் வரும்."

வாரன் சிரித்தான். "நல்லா ஜோடிக்கிற. என் மாவுல ஒரு சொட்டுத் தண்ணி படல. காஞ்ச மாவு. எங்க வீட்டுப் பச்சை டின்னுலேருந்து என் கையால அள்ளினேன். கடலை மூட்டையைக் கடையிலேருந்து தூக்கிக்கிட்டு வந்ததும் நான்தான்."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா?"

"மெஷின் பொய் சொல்லாது."

அவன் இழுப்பறையைத் திறந்து ஒரு உறையை எடுத்து அவள் முன்னால் தள்ளினான். வேலைநீக்கக் கடிதம். வெள்ளிக்கிழமையே அடித்து வைத்திருந்தான். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நரெல் அதைப் படித்தாள். அவள் கண் கலங்கியது, குரல் கலங்கவில்லை.

"பதினெட்டு வருஷம் வாரன். பிரிஸ்பேன்ல வேலைக்குக் கூப்பிட்டாங்க, போகல. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு செய். அந்த மாவை அரைச்சது யாரு?"

"லோர்னா."

"அவளைக் கேளு. ஸ்பீக்கர்ல போட்டுக் கேளு."

"தாராளமா!" ஒரு கையில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டே வீட்டுக்குப் போன் போட்டான்.

"லோர்னா, அந்தப் பச்சை டின்னு மாவு, கடையில வாங்கின சாதாரணக் கடலைதானே?"

"ஆமா, நீதானே மூட்டையைத் தூக்கிக்கிட்டு வந்த? ஏன், குறைஞ்ச மாதிரி இருக்கேன்னு பாத்தேன்."

வாரன் நரெலை ஒரு பார்வை பார்த்தான். பேனா முனை கடிதத்தில் பட்டது.

"அதை அப்படியேதானே அரைச்ச?"

"அப்படியேவா? மூணு நாள் முளைகட்டி, காயவெச்சுல்ல அரைச்சேன்!"