காற்றுக்குப் பயந்தவள்

பாய்மரப் படகுச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் முதலில் எழுந்தவர் தோகுஜி. முப்பது வருடமாகச் சம்பளம் வாங்காமல் மீட்புப் படகு ஓட்டுகிறவர்.

"இருபது பந்தயத்துல பதினாலை ரத்து பண்ணிட்டீங்க, சுமிரே சான். இந்தக் காத்துக்கே பயந்தா குளத்துல காகிதக் கப்பல்தான் விடணும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வருடம் தலைவியாக இருந்த சுமிரே குனிந்து வணங்கினாள்.

"மன்னிச்சிடுங்க. காத்து பலமாத்தான் இருந்துச்சு."

அடுத்து நடந்த தேர்தலில் ஹகிவாரா புதிய தலைவரானார். சுமிரேவுக்காக ஒரு கைகூட உயரவில்லை.

அவள் வாசலில் காலணி மாட்டும்போது, தோகுஜியின் மனைவி பின்னாலேயே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாத்திட்டீங்க. அவருக்குக் கண்ணு மங்கிட்டது யாருக்கும் தெரியல. அந்தப் படகைப் பிடுங்கிட்டா மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு."

"அலை இல்லாத நாளா பார்த்துத்தான் பந்தயம் வெச்சேன். அலைக்கு நடுவுல விழுந்தவங்க தலை அவருக்குத் தெரியாதே."

உள்ளே ஹகிவாராவின் குரல் கேட்டது. "ஞாயித்துக்கிழமை எவ்வளவு காத்தடிச்சாலும் பந்தயம் உண்டு. தோகுஜி சான், வந்துடுவீங்கல்ல?"

"நான் என்னிக்கு வராம இருந்திருக்கேன்?"

கைதட்டல் எழுந்தது. சுமிரே தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். மாட்டிய காலணியைக் கழற்றிவிட்டு, மறுபடியும் உள்ளே போனாள்.