மதுரைப் பிள்ளை

மதுரையிலிருந்து பாண்டியன் பஸ்ஸில் வந்திறங்கிய அபுதாஹிர் வீட்டுக்குள் பையை வைப்பதற்குள் அவன் மனைவி ஜரீனா கேட்டாள்.

"மச்சான், சின்னவன் எப்படி இருக்கான்?"

"நல்லாத் திங்கான். முடி கறுக்க ஆரம்பிச்சிருச்சு."

ஜரீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தண்ணீர் எடுக்க வந்திருந்த பக்கத்து வீட்டுச் சந்தனம், அவன் குளிக்கப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, மதுரையில இன்னொரு குடும்பம் வச்சிருக்காரு. வாராவாரம் அந்தப் பிள்ளைய விசாரிக்கியே, உனக்கு ரோசமே கிடையாதா? ஸ்ரீவில்லிபுத்தூர்ல பொறந்த உன் மகளுக்கு ஒரு வாய் பால்கோவா குடுக்க விடமாட்டேங்காரு. அங்க மட்டும் ஊட்டி வளக்காராக்கும்!"

ஜரீனா சிரித்துவிட்டாள்.

"அக்கா, அவன் எலி."

சந்தனம் குடத்தைக் கீழே வைத்தாள்.

"அவிய ஆராய்ச்சிக்கூடத்துல எலி வளக்காவ. நம்ம நிலோபருக்கு இருக்கிற அதே பொறவி நோவு அவனுக்கும் இருக்கு. பால், பருப்புல உள்ள ஒரு சத்தை ஒடம்பு உடைக்காது. அது ரத்தத்துல சேந்து மூளையைக் கெடுத்துரும். முடிக்குக் கறுப்பும் ஏறாது. இப்ப ஏறுதுன்னா, புது மருந்து உள்ள போயி வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"அந்த மருந்து நம்ம பிள்ளைக்கு வருமா?"

"பல வருசம் ஆகும்க்கா. முதல்ல அவனுக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது."

தூங்கிக்கொண்டிருந்த நிலோபரின் செம்பட்டைத் தலையைச் சந்தனம் மெல்லத் தடவினாள். அபுதாஹிர் தலையைத் துவட்டியபடி வந்தான்.

"தம்பி, திங்கக்கெழமை போனா, நானும் அவனை விசாரிச்சேன்னு சொல்லுங்க."