தேய்ந்த தோள்

சான்பிரான்சிஸ்கோவில் எங்கள் ஆடைக் கம்பெனியில் மாதிரி உடைகள் தைக்கும் அறை. மதிய வெயில் ஜன்னல் வழியே துணி வெட்டும் மேஜைவரை நீண்டு கிடக்கிறது. அந்த வெளிச்சத்தில் லொரெட்டா ஒரு காக்கிக் கோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். இருபது வருஷத்துக்கு முன்பு, முதலாளி வின்ஸ்லோ ஊர் சுற்றிக் கொண்டுவந்த துணியில் இவள் தைத்த பன்னிரண்டு சட்டைகளோடு தொடங்கிய கம்பெனி. இன்று அறுபது கடைகள். "மொராக்கோவுல ஆறு வாரம் இதைத்தான் போட்டிருந்தேன். இதே தேய்மானத்தோட நாலாயிரம் தைக்கணும். கோட்டோட ஒப்புதல் அட்டையில கையெழுத்துப் போடு" என்கிறான் வின்ஸ்லோ. அவன் கழுத்தில் வெயில் பட்ட சுவடே இல்லை. லொரெட்டா கையெழுத்திடாமல் எந்த மாதிரியும் ஆலைக்குப் போகாது. அவனே வைத்த வழக்கம். அவள் விரல் கோட்டின் வலது தோளில் நிற்கிறது. பை வார் உரசியதுபோல் அங்கே மட்டும் துணி வெளுத்திருக்கிறது. "ஆறு வாரமும் பை இந்தத் தோள்லதானா?" "பின்ன, தலையிலயா சுமப்பேன்?" அவன் சிரிக்கிறான். அவள் சிரிக்கவில்லை, பேனாவைத் திறக்கிறாள், மூடுகிறாள். "சரிம்மா, மெதுவாவே போடு. எனக்கு விமானத்துக்கு நேரமாச்சு." நாற்காலியில் கிடந்த பழைய தோல்பையை எடுக்கிறான். யோசிக்காமலே, பல வருஷப் பழக்கத்தில், அதை இடது தோளில் மாட்டிக்கொள்கிறான்.