அப்பா வைக்காத ஒப்பம்

வாவிக்கரை மைதானத்தில் கடைத்தொகுதி கட்டப்போகிறார்கள் என்றதும், பெண்கள் உதைபந்தாட்ட அணித் தலைவி நிருஷா வீடுவீடாக ஏறி எதிர்ப்பு மனுவுக்கு ஒப்பம் வாங்கினாள். அப்பா மட்டும் வைக்கவில்லை.

“பயமாப்பா?”

“என்னால ஏலாது மகள்.”

மூன்று நாளாக அவள் அவரோடு பேசவில்லை. அவரும் சரியாகச் சாப்பிடாமல் முற்றத்தில் நடந்துகொண்டே இருந்தார்.

கடைத்தொகுதித் திட்டத்துக்கான வாக்கெடுப்பு நாளில் பிரதேச சபையின் பார்வையாளர் வரிசையில் நிருஷா தவிப்போடு உட்கார்ந்திருந்தாள். இருபக்கமும் ஒன்பது வாக்குகள். கடைசிப் பெயரைக் கூப்பிட்டார்கள்.

“ஆளும் கட்சி உறுப்பினர் சுதாகரன்!”

அப்பா எழுந்தார்.

“கட்சி விலக்கினாலும் பரவாயில்ல. நான் எதிர்க்கிறன்.”

வெளியே ஓடிவந்து கையைப் பிடித்தவளிடம் மெதுவாகச் சொன்னார்:

“முதலே ஒப்பம் வெச்சிருந்தா, கட்சிக்காரங்க என்னைக் கதைச்சு மாத்தியிருப்பாங்க மகள்.”