பலகையில் எழுதிய வாக்கியம்

பள்ளி விட்டு ஓய்ந்த மாலை. கடற்கரைப் பள்ளியின் வெறும் வகுப்பறையில் பயிற்சி ஆசிரியை நந்தனா, காலையில் தான் நடத்திய பாடத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தன் குறையைத் தானே கண்டு திருத்திக்கொள்வதும் பயிற்சியில் ஒரு பகுதி. உப்புக்காற்றில் ஜன்னல் கதவு ஓயாமல் முனகுகிறது. திரையில் அவள் உற்சாகமாக, "லிஜோ, நான் பலகையில எழுதினத வாசி" என்கிறாள். சிறுவன் எழுந்து, "அப்பா நாளை வருவார்" என்று தெளிவாக வாசிக்கிறான். "சபாஷ்!" என்று அவள் கைதட்டுகிறாள். வகுப்பு அசையவில்லை.

"ஒண்ணுகூடக் கைதட்டல்ல பாத்தியளா ஷிபாக்கா! காலையிலேயே சோறு உண்ட மயக்கமா?" என்று சிரிக்கிறாள் நந்தனா.

அருகில் அமர்ந்திருக்கும் ஊர் ஆசிரியை ஷிபா சிரிக்கவில்லை. "மக்கா, அவனுக்க அப்பா கடலுக்குப் போயி ரெண்டு மாசமாச்சு. வள்ளமும் கெடைக்கல்ல, ஆளும் கெடைக்கல்ல. ஒனக்குத் தெரியாதா?"

நந்தனா காட்சியைப் பின்னுக்கு நகர்த்தி மறுபடி ஓடவிடுகிறாள். இம்முறை அவள் தன்னைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் எல்லோரும் தலைகுனிந்திருக்கிறார்கள். ஒருத்தி சீருடையின் நுனியைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். ஆசிரியையின் கைகள் மட்டும் தட்டிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் சத்தத்தின் நடுவே லிஜோ, தான் வாசித்தது பலித்துவிடுமோ என்பதுபோல், மெல்லத் திரும்பி வாசலைப் பார்க்கிறான்.