காஸ்பர் சார் சொல்லட்டும்

பெஞ்சின் மேல் இரண்டு ஃப்ளைவீல்கள் கிடந்தன. ஒன்று எட்டு கிலோ, காரோடு வந்தது. இன்னொன்று நாலு கிலோ, போன மாதம் நான் ஆசைப்பட்டு மாட்டச் சொன்னது.

எதைத் திரும்ப உள்ளே வைப்பது என்று நான் சொல்ல வேண்டும். கியர்பாக்ஸ் தரையில் இருந்தது. மெக்கானிக் இனாயத் பாய் கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்.

கனமானதை என்றேன். எனக்கே சரியாகக் கேட்காத குரலில்.

பாய்க்குக் கேட்டுவிட்டது. சிரித்தார். கையில் வைரத்தை வைத்துக்கொண்டு கூழாங்கல் கேட்கும் பெண்ணைப் பார்க்கிற சிரிப்பு.

ஃப்ளைவீல் என்பது என்ஜினுக்கும் கிளட்சுக்கும் நடுவே சுற்றும் இரும்புத் தட்டு. எடை குறைந்தால் என்ஜின் சட்டென்று வேகம் பிடிக்கும். அதே மாதிரி சட்டென்று வேகத்தை விடும். கிளட்சை அரை நொடி தப்பாக விட்டால் வண்டி அணைந்துவிடும்.

நான் தவறாமல் அரை நொடி தப்பாக விடுவேன்.

நான் எம்.எஸ்சி. இயற்பியல். எந்தத் தட்டுக்கும் நிலைமத் திருப்புத்திறன் கணக்குப் போட்டுத் தருவேன். லஸ் சிக்னலில் பின்னால் நிற்கும் ஆட்டோக்காரருக்கு அது தேவைப்படுவதில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் வெளியே வரும் நேரம், எங்கள் மாதா கோயில் வாசலில் கார் மூன்று தடவை அணைந்தது. வண்டி கெட்டுப்போச்சு என்று பாடகர் குழு முடிவு செய்து தள்ள ஆரம்பித்தது. கெடவில்லை என்று சொல்ல எனக்குக் கூச்சம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மந்தைவெளி ரயில் நிலையம் வரை உட்கார்ந்திருந்தேன். தள்ளிக்கொண்டே ஒருவர் எத்தனை சிசி என்று கேட்டார்.

பக்கத்தில் அம்மா முக்காட்டை மூக்கு வரை இழுத்துவிட்டிருந்தாள். இன்னொரு முறை ஊர் பார்க்க இது நின்றால் விற்றுவிடு என்றாள். அம்மா சொன்னால் சொன்னதுதான்.

நாளைக்குக் கோயிலில் வாகன மந்திரிப்பு. நாற்பது ஐம்பது வண்டிகள் வரிசையில் நிற்கும். ஃபாதர் ஒவ்வொன்றாகத் தீர்த்தம் தெளிக்க, வரிசை ஓரடி நகரும், நிற்கும், ஓரடி நகரும். கிளட்சுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

இந்தக் காரை விற்க என்னால் முடியாது. என் சம்பளத்தில் வாங்கியது. வாய் திறக்கக் கூச்சப்படும் எனக்கு, இரண்டாவது கியரில் அது போடும் சத்தம் போதும்.

அதனால் இரண்டாம் முறையும் சொன்னேன், கனமானதை. மூன்றாம் முறை விரலால் காட்டியும் சொன்னேன்.

பாய் என்மேல் இரக்கப்பட்டார். அவர் இருக்கும் ஃபேஸ்புக் கார் குழுவில் ஒரு சார் இருக்கிறாராம். பெரிய இன்ஜினியராம், ரிட்டயர் ஆனவராக இருக்கும். அவர் எழுதிய கட்டுரையைப் படித்துத்தான் பாய் ஆறு கார்களுக்கு நாலு கிலோ மாட்டியிருக்கிறார்.

"காஸ்பர் சார் இன்னா எழுதிக்கிறாரு தெரியுமா? எட்டு கிலோலாம் பயந்தாங்கொள்ளிங்களுக்காம். நீ பட்ச்ச பொண்ணு, இப்டி கேக்கலாமா?"

அந்தக் கட்டுரையை நானும் படித்திருக்கிறேன் என்றேன்.

அப்புறம் என்ன, சாரையே கேட்டுவிடலாம் என்று பாய் ஃபோனை எடுத்தார். இரண்டு ஃப்ளைவீலையும் சேர்த்துப் படம் பிடித்தார். ஒரு பொண்ணு வந்து அடம்பிடிக்கிறது, என்ன செய்யட்டும் என்று ஃபோனுக்குள் பேசியே எழுதி அனுப்பினார்.

என் பையில் ஃபோன் அதிர்ந்தது.

குழுவில் சேரும்போது பெயர் கேட்டது. என் பெயரைப் போடக் கூச்சமாக இருந்ததால் அப்பாவின் பெயரைப் போட்டேன். 'சார்' அவர்களாகச் சேர்த்துக்கொண்டது.

காரின் பின்பக்கம் போய், டயரைப் பார்ப்பதுபோலக் குந்தினேன்.

ஐந்து பக்கக் கட்டுரை. முன்னூற்றுப் பன்னிரண்டு லைக். ஒருவர் அதை அச்செடுத்துக் கடையில் ஒட்டியிருப்பதாகச் சொல்லியிருந்தார். காரா, காஸ்பரா என்று டயரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் யோசித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் யோசித்தேன்.

பிறகு தட்டினேன். 'கனமானதையே மாட்டுங்கள். நான் எழுதியது ரேஸ் டிராக்குக்குச் சரி, சென்னைக்குத் தப்பு. பயந்தாங்கொள்ளி என்று எழுதியதும் தப்பு. அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.'

கடைசி வரி தேவையில்லைதான்.

நான் எழுந்து வருவதற்குள் பாய் படித்து முடித்திருந்தார். எவ்வளவு பெரிய மனசு, தப்பை எப்படி ஒத்துக்கொள்கிறார் பார் என்று என்னிடமே காட்டினார். எட்டு கிலோவை இரண்டு கையாலும் தூக்கினார்.

"இத நீ மொதல்லயே சொல்லிருக்கலாமேம்மா."

தலையாட்டினேன்.

பை மறுபடி அதிர்ந்தது. சார் என்ன வண்டி ஓட்டுகிறார், எத்தனை வருஷமாக ஓட்டுகிறார் என்று குழுவில் யாரோ மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

அப்பாவுக்கு சைக்கிள் மட்டும்தான் தெரியும்.

அந்தக் கட்டுரையை எழுதிய அன்று, நான் ஆர்.டி.ஓ. ஆபீஸில், வண்டி ஓட்டப் பழக எல்.எல்.ஆர். வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். வரிசை நீளம். ஐந்து பக்கம் எழுத நேரம் இருந்தது.