பொட்டு வைத்த பெட்டி

நிலத்தின் வரைபடத்தைப் பார்த்து டிராக்டர் தானாக உழுகிற மென்பொருளை மங்களேஸ்வரி வருடக்கணக்காக எழுதினாள். காப்புரிமை கேட்டபோது, அது வெறும் கணக்கு, கணக்குக்கு உரிமை கிடையாது என்று அலுவலகம் கையை விரித்துவிட்டது. "ஏதாவது இரும்பைச் சேர்த்துக் காட்டுங்கம்மா, தொட்டுப் பார்க்கிற மாதிரி," என்றார் வக்கீல். பட்டறையில் ஒரு பெட்டி அடித்து, பச்சை விளக்கு வைத்து, வண்டியின் முன்னால் முடுக்கினாள். உள்ளே ஒன்றுமில்லை. உரிமை கிடைத்தது.

முதல் வண்டியை வாங்கிய செங்கோடன் ஆயுத பூஜையன்று மங்களேஸ்வரியையும் வயலுக்கு அழைத்து, அந்தப் பெட்டிக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, விழுந்து கும்பிட்டார். பிறகு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி ஆளில்லாமல் வயலில் இறங்கியது. பாதி வயலில் பெட்டி கழன்று புழுதியில் விழுந்தது.

"ஐயோ அம்மிணி, மூளை உளுந்துபோச்சு! வண்டி கெணத்துல எறங்கப்போகுது!" என்று செங்கோடன் தலையில் அடித்துக்கொண்டு ஓடினார். டிராக்டர் கிணற்றருகே அழகாக ஒதுங்கி, வரப்போரம் திரும்பி, அடுத்த உழவுச்சாலில் இறங்கியது. அவர் மூச்சிரைக்க நின்றார்.

"பாத்தீங்களா அம்மிணி, பழக்கத்துலயே போகுதுங்க."

வாயைத் திறந்தால் உரிமை போய்விடும். மங்களேஸ்வரி குனிந்து பெட்டியை எடுத்தாள். பொட்டு அழியாமல் துப்பட்டாவால் புழுதியைத் துடைத்தாள்.

"ஆமாங்க," என்றாள்.